சேலைக்கார அக்காவின் போன்

என் மனைவி கடை வைக்கவே இல்லை. கடை வைத்தால் ஆள் வரும், ஆள் வந்தால் டீ போட வேண்டும், டீயைக் குடித்துவிட்டுச் சேலை பிடிக்கவில்லை என்று எழுந்து போனால் பால் வாங்கின காசை யாரிடம் கேட்பது என்பாள். அதனால் முன்னறையில் ஒரு பாயை விரித்தாள். பாயில் ஒரு போனை வைத்தாள். அதுதான் கடை என்றாள்.

நான் அப்போது அருப்புக்கோட்டையில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒருவருடைய தறிக்கொட்டகையில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாகிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குள் பேசுவது தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அவள் பேசியதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். தெலுங்கில் அது இன்னும் கொஞ்சம் காரமாக இருக்கும்.

போனில் சேலை விற்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று நான் சிரித்தேன்.

"போட்டோவப் பாத்து எவ சேலை எடுப்பா? கடைக்குள்ள போயி இருக்கிற சேலை அம்புட்டையும் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, ஒண்ணும் புடிக்கலன்னு எந்திரிச்சு வாரவளுக நீங்க."

"கடைக்குப் போயி பிரிக்க நேரமில்லாதவளும் இருக்கா. அவளுக்கு நான் பிரிச்சுக் காட்டுறேன்," என்றாள்.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் தறியில் இறங்கும் பருத்திச் சேலைகளை வாங்கி வருவாள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்து மொட்டை மாடிக் கொடியில் விரித்துப் போடுவாள். வெயிலில் ஒரு போட்டோ, தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு போட்டோ. இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்புவாள். போன் பொய் சொல்லும், இரண்டு தடவை கேட்டால்தான் பாதி உண்மையாவது வரும் என்பது அவள் கட்சி. அதோடு விடமாட்டாள். போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு ஒரு வாய்ஸ் போடுவாள்.

"தங்கச்சி, இது போட்டோவுல நீலமாத் தெரியும், நம்பாதீங்க. நல்ல கத்தரிப்பூ கலரு. டியூப் லைட்டுல பாத்தா இன்னும் கொஞ்சம் கருக்கும். நீங்க மாநெறமா? அப்ப வேணாம்மா, இது அடிச்சுரும். பொறுங்க, வேற காட்டுறேன்."

வேண்டாம் என்று சொல்லி வியாபாரம் செய்த ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படிச் சொல்லியே அவள் ஆட்களைச் சேர்த்தாள். ஒருத்தி நாலு பேரிடம் சொன்னாள், நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரிடம் சொன்னார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் பிழைத்ததோடு நிற்காமல் என்னையும் தறியிலிருந்து இறக்கிவிட்டாள். ஒரு தீபாவளிக்குப் பார்சல் கட்டி முடியாமல், "அந்தத் தறிய விட்டுட்டு வாங்க, எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள். அப்படித்தான் நான் என் மனைவியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சேலையை மடிப்பது, கவரில் போட்டு டேப் ஒட்டுவது, முகவரி எழுதுவது, மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்க் கூரியரில் போட்டுவிட்டு வருவது என் வேலை. கூரியர் ஆபீஸில் என் பெயர் யாருக்கும் தெரியாது. "சேலைக்காரம்மா வீட்டுக்காரர் வந்துட்டாரு" என்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமைதான்.

போனைத் தொட மட்டும் எனக்கு அனுமதி இல்லை. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் குரல் பெரிதாகிவிட்டது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். "நீங்க பேசுனா, பார்சலுக்குப் பதிலா ஆள அனுப்பிட்டாகன்னு பயந்துருவாளுக" என்பாள்.

அவள் போனில் யார் பெயரையும் பெயராகப் பதிந்து வைக்கவில்லை. கரூர் பச்சை என்று ஒருவர். பச்சையைத் தவிர வேறு நிறம் எடுக்க மாட்டார். ஈரோடு மாமியார் என்று ஒருவர். அவர் மாமியார் இல்லை, மாமியாரைப் பற்றிப் பேசுகிறவர். தேனி டீச்சர், திண்டுக்கல் நர்ஸ், கடன் வாங்கின காரைக்குடி என்று அது பாட்டுக்கு நீளும். சேலை கேட்டு வருகிறவர்கள் பாதிப் பேர் சேலையோடு நிறுத்த மாட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரர் குடிக்கிறார், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று எல்லாமும் வந்து இந்தப் பாயில் கொட்டும். அவளும் காதில் போனை வைத்துக்கொண்டு, "அப்பிடியா தங்கச்சி, அடப்பாவமே" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் கையில் டேப்போடு காத்திருப்பேன்.

"ஏம்மா, சேலை விக்கிறியா, பஞ்சாயத்துப் பண்றியா?" என்பேன்.

"அவ ஊருல அவளுக்குச் சொல்ல ஆளில்ல. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்பாள்.

ஒரு மார்கழிக் காலையில், கொடியில் போட வேண்டிய சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினவள், பாதியில் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் தகவல் சொல்வது ஒரு பெரிய வேலை. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒருவரை விட்டுப்போனாலும் காலத்துக்கும் பேச்சுக் கேட்க வேண்டும். அதை அவள் தம்பி பார்த்துக்கொண்டான். தன் போனிலிருந்து சொந்தபந்தம், தெரு, தறிக்காரர்கள் எல்லோருக்கும் ஒருவரையும் விடாமல் சொன்னான். அவள் போன் சார்ஜ் இறங்கி பீரோவுக்குள் கிடந்தது. அதற்குள் இருந்தவர்கள் எங்களுக்கு என்ன முறை ஆவார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, மகளும் ஓசூர் கிளம்பின பிறகு நான் அந்தப் போனை எடுத்து சார்ஜில் போட்டேன். திரை எரிந்ததும் மெசேஜ்கள் இறங்க ஆரம்பித்தன. நின்ற பாடில்லை. 'அக்கா எங்க போனீங்க.' 'அக்கா பொங்கலுக்குச் சேலை போடலையா.' 'அக்கா உடம்பு சரியில்லையா, சாப்பிட்டீங்களா.' 'அக்கா கோவமா.' நான் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். தெருவே வந்து அழுதுவிட்டுப் போன வீடு அது. அவளைப் பற்றி யார் பேசினாலும், இருந்தாள், செய்தாள், சிரித்தாள் என்று முடிந்துபோன பேச்சாகவே பேசிக்கொண்டிருந்த நாட்கள். இங்கே மட்டும் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். இந்தப் போனுக்குள் மட்டும் அவள் இன்னும் சாகவில்லை.

கரூர் பச்சை, ஒரு சேலைக்குப் பணம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தச் சேலையைத் தேடி எடுத்துப் பார்சல் கட்டினேன். 'பார்சல் போட்டாச்சு தங்கச்சி' என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். 'தேங்க்ஸ் அக்கா' என்று வந்தது. அவ்வளவுதான் நடந்தது. நான் யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று உட்காரவில்லை. கேட்டார்கள், பதில் சொன்னேன்.

மகள் மட்டும் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நைனா, எல்லாருக்கும் சொல்லிரு. இல்லன்னா நான் ஒரு மெசேஜ் போட்டுர்றேன்."

"நான் பாத்துக்கிறேன்," என்றேன். எதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியாது.

வியாபாரம் நிற்கவில்லை. சித்திரையில் ஓடியது, ஆடியில் இன்னும் நன்றாக ஓடியது. காலையில் நானே சேலைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறினேன். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று நானே போட்டோ எடுத்தேன். நிறம் சொல்வதில்தான் மாட்டிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கத் தறியில் நின்றவன், ஆனாலும் எனக்கு நீலம் என்றால் நீலம்தான். அவளுக்கு அதில் மயில்கழுத்து, ராமர் நீலம், மழைமேகம் என்று ஒரு குடும்பமே இருந்தது. நான் நீலம் என்று எழுதி அனுப்பியதை ஈரோடு மாமியார் பிரித்துப் பார்த்துவிட்டு, 'அக்கா இது வெங்காயக் கலரு, உங்க கண்ணுக்கு என்னாச்சு' என்று திருப்பி அனுப்பினார். 'கண்ணாடி மாத்தணும் தங்கச்சி' என்று எழுதினேன். அதற்கு அவர் ஒரு கண் டாக்டரின் விலாசமே அனுப்பிவிட்டார்.

'வாய்ஸ் போடுங்கக்கா, உங்க குரலக் கேட்டு எவ்வளவு நாளாச்சு' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். கஷாயம் சொன்னார்கள். மிளகு, திப்பிலி, அதிமதுரம் என்று ஆளுக்கொரு பக்குவம். யாரோ ஒரு அக்காவின் தொண்டைக்காக நாலு ஊர்ப் பெண்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் எனக்கென்று ஒரு சுடுதண்ணீர் வைக்கக்கூட நான் எழுந்து போகவில்லை.

தெருவுக்கு எல்லாம் தெரியும். "பொம்பள இல்லாத வீட்டுல பொம்பள வியாபாரம் பாக்குறாரு" என்று டீக்கடையில் ஒருவன் என் காதுபடவே சொன்னான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்துவிடும். பார்சல் போடக் கூரியருக்குப் போனால் சரி, மற்றபடி வீட்டைவிட்டு இறங்க வேலை இல்லை. தெலுங்கில் ஒரு வார்த்தை பேசாமல் நாட்கள் போயின. மகள் கூப்பிடும் நாளில்தான் அந்த வாய் திறக்கும். அவளும் இப்போது பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

போனில் என் மனைவியின் பழைய வாய்ஸ்கள் கிடந்தன. எக்கச்சக்கம். கரண்ட் போய் தெருவில் தறிகள் எல்லாம் நின்று, ஊரே மூச்சை அடக்கியதுபோல் ஆகும் மதிய நேரங்களில் அதைப் போட்டுக் கேட்பேன். கத்தரிப்பூ, அரக்கு, மாம்பழ மஞ்சள். அழாதீங்க தங்கச்சி. மாமியார்னா அப்பிடித்தான். காசு இருக்கும்போது குடுங்க, போதும். ஒன்று விடாமல் கேட்டேன். அத்தனையும் தமிழ். அத்தனையும் யாருக்கோ. எனக்கென்று அவள் பேசி வைத்தது அதில் ஒரு வார்த்தை இல்லை, தெலுங்கில் ஒரு அதட்டல்கூட இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் புருஷனுக்கு யார் வாய்ஸ் அனுப்புவார்கள்? அவளைத் தெரியாத ஊர்களில் எல்லாம் அவள் குரல் இருக்கிறது. என்னிடம் இல்லை. இது எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

ஆவணியில் திண்டுக்கல் நர்ஸிடமிருந்து மெசேஜ் வந்தது.

அவர் பழைய ஆள். ஆடிக்கு முன்னால் அவர் மகள் புகுந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அதை அவர் பக்கம் பக்கமாக அக்காவுக்கு எழுதினார். மகளை உடனே கொண்டுபோய் விடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள், நான் என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எனக்குத் தோன்றியதை எழுதவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்து, 'அவசரப்படாதீங்க தங்கச்சி. பிள்ளை நாலு நாள் நல்லாத் தூங்கட்டும், வயிறாரச் சாப்பிடட்டும். அப்புறம் அவ வாயால என்ன சொல்றான்னு கேளுங்க' என்று எழுதினேன். அப்படியே செய்ததாகவும், மருமகனே வந்து பேசி, இப்போது இருவரும் திண்டுக்கல்லிலேயே தனியாக வீடு பார்த்துக்கொண்டதாகவும் பிறகு எழுதினார்.

இப்போது எழுதியிருந்தது இதுதான். திருச்சுழி கோயிலுக்கு ஒரு வேண்டுதல். மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அருப்புக்கோட்டையில் இறங்கித்தான் திருச்சுழிக்கு பஸ் மாற வேண்டும். அதனால் முதலில் அக்கா வீட்டுக்கு வந்து, மகளை அக்கா காலில் விழச் செய்து, அப்புறம் கோயிலுக்குப் போகப் போகிறார்கள். 'ஊருக்கெல்லாம் சேலை குடுக்குறீங்க, உங்களுக்கு யாரு குடுக்குறா? நான் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். பூவும் மஞ்சளும் வாங்கிட்டு வாரேன். என்ன கலருன்னு சொல்லமாட்டேன்' என்று முடித்திருந்தார்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு அன்றைக்கு ஓசூர் போய்விடலாமா என்று நினைத்தேன். அக்கா வெளியூர் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கலாமா என்றும் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி அப்படிச் சொல்வாளா, ஒப்பாரியே வைத்துவிடுவாள்.

எங்கள் பக்கம் கேதம் கேட்பதற்கு, அதாவது சாவு விசாரிப்பதற்கு, முறை இருக்கிறது. தகவல் தெரிந்த பிறகு, எத்தனை மாதம் ஆனாலும் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். வெறுங்கையோடு போக வேண்டும். பூ, மஞ்சள் கொண்டு போகக்கூடாது. கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது, அந்த வீட்டுக்காரனும் வாசல்வரை வந்து வழியனுப்பக்கூடாது. கேதம் கேட்டுவிட்டுக் குளிக்காமல் கோயிலுக்குள் நுழையக்கூடாது. இந்த அம்மாள் கை நிறையப் பூவும் மஞ்சளுமாக, வாழப் போகிற மகளையும் கூட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற வழியில் இந்தப் படியேறி வந்து, சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்க்க வேண்டுமா? மற்றதை எல்லாம் மறைத்தவனுக்கு இதைச் செய்ய மனம் வரவில்லை. அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவர் மூலமாக இன்னொருத்திக்கும், அவள் மூலமாக எல்லோருக்கும் போய்விடும். அதன் பிறகு என் மனைவியிடம் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குத்தான் பயந்தேன். சேலை விற்காமல் போவதற்கு இல்லை.

எழுதலாம் என்று நாலைந்து தடவை ஆரம்பித்து அழித்தேன். அவள் எழுத்து மாதிரி எழுதப் பழகிய விரல்கள், அவள் செத்துவிட்டாள் என்று எப்படி எழுதும்? கடைசியில் கூப்பிட்டேன்.

மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை. "அக்கா!" என்று ஒரு சத்தம். "என்னக்கா, தொண்டை சரியாப் போச்சா? நீங்களே கூப்புடுறீங்க!"

அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

"அக்கா? கேக்குதாக்கா?"

"நான் அக்கா வீட்டுக்காரர் பேசுறேம்மா," என்றேன். எவ்வளவு அடக்கியும் குரல் சத்தமாகத்தான் வந்தது.

"ஐயோ, அண்ணனா? வணக்கம்ண்ணே. அக்கா இல்லீங்களா?"

"இல்லம்மா."

"வெளிய போயிருக்காங்களா?"

"அவ போய்ச் சேந்துட்டாம்மா. மார்கழில."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தங்கள் கேட்டன. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, இத்தன மாசமா எங்கிட்டப் பேசுனது?"

"நான்தாம்மா."

"எம்மக விசயம் எழுதுனேனே?"

"நான்தாம்மா படிச்சேன்."

போனை வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிடவில்லை.

சொன்ன நாளில் அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் காலையிலிருந்து எங்கும் போகவில்லை, கொடியில் சேலையும் போடவில்லை. காலை நேரம் கடந்தது. மத்தியானச் சாப்பாடு வந்து, ஆறி, அப்படியே இருந்தது. வெயில் இறங்கத் தொடங்கும்போது கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நெற்றியில் விபூதியோடு ஒரு பெண் நின்றிருந்தார். என் மனைவியைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம். கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. கூட மகள் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. முறை தெரிந்தவர்.

உள்ளே வந்து படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடித்தான் இருப்பாங்களா அக்கா," என்றார். "நான் கொஞ்சம் குண்டா நெனச்சிருந்தேன்."

அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எப்படி நடந்தது என்று கேட்டார், சொன்னேன். படிக்கட்டு என்றதும் அந்தப் படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அழுகை நின்ற பிறகு அவர் முகம் மாறியது. அது கோபம். வர வேண்டிய கோபம்தான்.

"அக்காகிட்டச் சொல்றேன்னுதான் சொன்னேன். ஒரு ஆம்பளைகிட்ட எம்புள்ள வாழ்க்கையச் சொல்லுவேனாண்ணே? நீங்களே சொல்லுங்க."

"தப்புத்தாம்மா," என்றேன். "நானா எதையும் எழுதல. அவ என்ன சொல்லுவாளோ, அதத்தான் எழுதினேன். அவள விட்டா எனக்கு என்னம்மா தெரியும்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடிக்காமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாமலே நான் சாவு வீட்டுல சேலை கேட்டுட்டு இருந்திருக்கேன். பச்சை இருக்கா, பார்டர் இருக்கான்னு. இன்னும் எத்தன பேரு அப்பிடிக் கேட்டுக்கிட்டிருக்காங்களோ," என்றார். "எல்லாருக்கும் சொல்லிருங்கண்ணே. அக்காவுக்கு அழுக அவங்களுக்கும் பாத்தியதை இருக்கு."

அக்காவுக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையை என்ன செய்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. செம்பைக் கீழே வைத்தார். எழுந்தார். படத்தை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்க்காமல் வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது. நானும் எழுந்து வாசலுக்குப் போகவில்லை, போகக்கூடாது. ஆனால் அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது. முறை என்ற ஒன்றே இல்லாத ஊரில் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அன்று சாயங்காலமே போட்டேன். படத்தைப் போட்டோ எடுத்து, அதற்குக் கீழே, இப்படி ஆகிவிட்டது, இத்தனை நாள் பதில் எழுதியது அவள் வீட்டுக்காரனாகிய நான், மன்னிக்க வேண்டும் என்று எழுதி, அவள் பதிந்து வைத்திருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். கரூர் பச்சையிலிருந்து காரைக்குடிவரை ஒருவரையும் விடவில்லை.

முதலில் அழுகை வந்தது. வாய்ஸாக, எழுத்தாக, கைகூப்பும் படமாக வந்தது. சிலர் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் அழுதார்கள். கடன் வாங்கின காரைக்குடி, 'அக்கா கடைசியாக் கேட்டது நல்லா இருக்கியான்னுதான்' என்று எழுதினார். அப்புறம் போன் அடங்கிவிட்டது. மறுநாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கேதம் கேட்ட வீட்டில் உடனே கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள் திரும்பி வருவார்களா, மாட்டார்களா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பாயைச் சுருட்டி வைக்கவும் மனமில்லை. சேலைகள் மடித்த மடிப்பில் கிடந்தன. மகள் ஓசூருக்கு வந்துவிடச் சொன்னாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு காலையில் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. கரூர் பச்சை.

'அண்ணே, பச்சையில புதுசா ஏதும் வந்திருக்கா?'

அன்றைக்கே ஈரோடு மாமியார், 'அண்ணே, கலர நீங்க சொல்ல வேண்டாம், போட்டோ மட்டும் போடுங்க, நாங்களே பாத்துக்கிறோம்' என்றார். தேனி டீச்சர் வந்தார். திண்டுக்கல் நர்ஸ்கூட வந்தார். கூட வேலை செய்கிறவர்களுக்கு என்று மொத்தமாகக் கேட்டார், மகள் விஷயம் ஒன்றும் எழுதவில்லை. தீபாவளிக்கு முன்னே வியாபாரம் பழையபடி சூடு பிடித்துவிட்டது. சொல்லப் போனால் பழையதைவிட அதிகம்.

"பாத்தியா நைனா, ஒருத்தரும் போகல," என்று மகள் சந்தோஷப்பட்டாள்.

அவள் சொன்னது சரி. ஒருவரும் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் நான் போனைத்தான் எடுக்கிறேன். புதிதாக வந்ததை எல்லாம் முதல் வார்த்தை மட்டும் பார்த்துக்கொண்டே வருகிறேன். தகவல் போய்ச் சேராத யாராவது ஒருத்தி எங்காவது மிச்சம் இருக்க மாட்டாளா, கைதவறியாவது அக்கா என்று எழுதிவிட மாட்டாளா என்று பார்க்கிறேன். அண்ணே, அண்ணே என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் சண்டை என்று யாரும் எழுதுவதில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. சேலை கேட்கிறார்கள், அனுப்புகிறேன். இந்தப் போனில் இப்போது அவளைத் தேடுகிற ஆள் நான் ஒருவன்தான்.